கூடப்பொறந்தவன்னா ஞாயித்துக்கிழமை மட்டுமா?

அண்ணனுக்கு மனச்சிதைவு. மாத்திரையைத் துப்புவார், நடுராத்திரி அம்மா மேல கை ஓங்குவார். பள்ளிக்கரணைக்கு வர்ற அக்காக்கள் காபி குடிச்சிட்டு, "ஹோம்ல மட்டும் விட்டுடாதடா"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டு வேளச்சேரி பஸ் ஏறிடறாங்க. நல்லாயிருக்கு நியாயம்!

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியோட கட்டிப்போட்ட கொட்டகை எரிஞ்சு 28 பேர் செத்தாங்க. நடத்தினவனைத் திட்டினோம், சரி. அங்கே கொண்டுபோய் விட்டது? பெரும்பாலும் வீட்டு ஆளுங்கதான். முன்னெல்லாம் நானும் அவங்களைத் திட்டினவன்தான். இப்போ வாய் வரல. தனியா எத்தனை ராத்திரி முழிச்சாங்களோ. 2017 மனநலச் சட்டம் சங்கிலி கூடாதுங்குது, ரொம்ப சரி. கூடப்பொறந்தவங்க முறை வச்சுப் பாருங்கன்னு யார் சொல்றது?

அக்கா, தீபாவளிக்குச் சட்டை வேணாம். மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி இங்க வந்து படுங்க. நான் தூங்கணும்.