கம்ப்யூட்டர் விளையாட்டால் முதுமைச் சோர்வு தீருமா?

"வயசாகிவிட்டது. இனி அப்படித்தான் இருப்பார்!"

வீட்டில் உள்ள பெரியவர்களைப் பற்றிச் சர்வசாதாரணமாகச் சொல்லப்படும் பேச்சு இது. சாப்பாடு குறைந்தால் வயசு. தூக்கம் வராவிட்டால் வயசு. யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அதற்கும் வயசு!

டாக்டர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. முதுமை வேறு, மனச்சோர்வு வேறு என்கிறார்கள். மனச்சோர்வு ஒரு வியாதி. அதற்குச் சிகிச்சை உண்டு. 70 வயதிலும் குணமாகும், 80 வயதிலும் குணமாகும்.

ஆனால் சிகிச்சைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்? 2017-18-ம் ஆண்டில் மத்திய அரசுக்காக நாடு முழுவதும் முதியோர் பற்றிய பெரிய கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கக்கூடும் என்று அதில் தெரிந்தது. "எனக்கு இந்த நோய் இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று சொன்னவர்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மற்றவர்கள் எல்லாம் "வயசு" என்ற கணக்கில் போய்விட்டார்கள்.

இந்த நோய்க்கு இப்போது ஒரு புதுமையான சிகிச்சை பேசப்படுகிறது. கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் விளையாடி மூளைக்குப் பயிற்சி கொடுப்பது! எழுதப் படிக்கப் பழகாத நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது பயன்படுமா? பழவேற்காட்டு ஏரிக்கரையை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

சீட்டும் முறையும்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவில் உள்ள சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்புநீர் ஏரி இதுதான். கரையோரம் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் என்று மீனவர் ஊர்கள்.

இங்கே "பாடு" என்று ஒரு பழைய முறை உண்டு. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களை ஊர்கள் முறை வைத்துக்கொண்டு பயன்படுத்தும். எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். சண்டை சச்சரவு இல்லாமல் எல்லாருக்கும் பங்கு கிடைக்க முன்னோர் கண்ட வழி இது.

இந்தத் தொழிலில் கைக்கு எவ்வளவு வேலையோ, மூளைக்கும் அவ்வளவு வேலை. காற்று எந்தப் பக்கம்? அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள்? தண்ணீர் ஏறுகிறதா, வற்றுகிறதா? இன்று யார் முறை? படகில் கால் வைப்பதற்குள் இத்தனைக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

முழங்கால் வலியோ கண்புரையோ வந்து ஒருவர் தொழிலுக்குப் போவது நின்றுவிட்டால், அத்தனை கேள்விகளும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. வரும்படி போவது ஒரு நஷ்டம். "நாளைக்கு எப்படி இருக்கும் பெரியவரே?" என்று கேட்க ஆள் இல்லாமல் போவது அதைவிடப் பெரிய நஷ்டம். மீன் கூடை சுமந்து விற்ற ஆயாவுக்கும் இதே கதிதான். போதாக்குறைக்கு ஏரியின் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்கிறது. மீன்பாடு குறைகிறது. பிள்ளைகள் வேறு வேலை தேடி வெளியூர் போகிறார்கள்.

வேலை நின்றால் எல்லாருக்கும் மனச்சோர்வு வந்துவிடும் என்பதல்ல. ஆனால் தனிமை, வலி, வருமானம் இல்லாமை ஆகிய மூன்றும் அந்த நோய்க்குக் கதவைத் திறந்துவிடக்கூடியவை.

பந்தின் நிறம் மாறினால்...

முதுமையில் வரும் மனச்சோர்வு அழுகையாகவே வெளிப்படும் என்பதில்லை. பலருக்கு யோசனை மந்தமாகிவிடும். ஒரு வேலையைத் திட்டமிட முடியாது. ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மனதைத் திருப்ப முடியாது. குளிப்பதா, சாப்பிடுவதா என்று முடிவு செய்யவே அரைநாள் ஆகும். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி இந்த வேலைகளைக் கவனிக்கிறது. அது தளர்ந்துபோன முதியவர்களுக்கு மாத்திரைகளும் சரியாகப் பலன் தருவதில்லை என்பது டாக்டர்களின் அனுபவம்.

அப்படியானால் அந்தப் பகுதிக்கே தேகப்பயிற்சி கொடுத்தால் என்ன?

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் உள்ள வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டும் குணமாகாத 11 முதியவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். திரையில் பந்துகள் ஓடும். ஒரு பந்தின் நிறம் மாறியதும் பொத்தானை அழுத்த வேண்டும். இன்னொரு விளையாட்டில் கலந்து கிடக்கும் சொற்களை இனம் இனமாகப் பிரிக்க வேண்டும். ஆள் தேறத் தேற விளையாட்டும் கடினமாகும். நான்கு வாரங்களில் மொத்தம் 30 மணி நேரப் பயிற்சி.

முடிவு 2014-ல் வெளியாயிற்று. எசிடலோபிராம் என்ற மாத்திரை 12 வாரங்களில் கொடுத்த பலனை இந்த விளையாட்டு 4 வாரங்களில் கொடுத்திருந்தது!

கேட்க அதிசயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்கள் எத்தனை பேர்? பதினோரு பேர். மாத்திரை சாப்பிட்டவர்களின் கணக்கோ, முன்பு நடந்த வேறொரு ஆராய்ச்சியிலிருந்து எடுத்தது. ஒரு படகில் ஏறக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் மருந்து சொல்ல முடியாது.

கனடாவில் டொராண்டோ நகரில் நடந்த ஆராய்ச்சி இதைவிடப் பெரியது. 375 முதியவர்கள் கலந்துகொண்டார்கள். இவர்களில் மனச்சோர்வு வந்து குணமானவர்களும், ஞாபகம் சற்றுக் குறைந்தவர்களும் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு மூளைப் பயிற்சியோடு தலையில் மிக மெல்லிய மின்சாரமும் செலுத்தப்பட்டது. அவர்களுடைய அறிவுத்திறன் தேய்வது மெதுவாகியிருந்தது என்று 2024-ல் அறிவித்தார்கள். இது ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கண்காணிப்பில் நடந்த சிகிச்சை. செல்போனில் ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டால் வந்துவிடும் பலன் அல்ல.

மூளைப் பயிற்சியின் எல்லை எது என்பதை இன்னொரு பெரிய ஆராய்ச்சி காட்டியது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேருக்குப் பயிற்சி கொடுத்து, பத்து ஆண்டுகள் கவனித்தார்கள். யோசிக்கப் பழகியவர்கள் யோசிப்பதில் தேறினார்கள். வேகமாகப் பார்த்து அறியப் பழகியவர்கள் அந்த வேகத்தில் தேறினார்கள். ஒன்றில் பழகியதால் மற்றதும் கூடவே வந்துவிடவில்லை. நீச்சல் பழகினால் துடுப்பு போடத் தெரிந்துவிடுமா?

20 லட்சம் டாலர்

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? "தினம் சில நிமிடம் விளையாடுங்கள், மறதி நோய் வராது" என்ற தோரணையில் விளம்பரங்கள் வந்தன. லுமாசிட்டி என்ற விளையாட்டை விற்ற அமெரிக்கக் கம்பெனி மீது அந்த நாட்டு அரசாங்கத்தின் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. விளம்பரத்தில் சொன்னதற்குத் தக்க விஞ்ஞான ஆதாரம் இல்லை என்பது குற்றச்சாட்டு. 2016 ஜனவரியில் அந்தக் கம்பெனி 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது.

நம் ஊரிலும் செல்போனைத் திறந்தால் இப்படிப்பட்ட விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. காசு கேட்கும் எந்த விளையாட்டையும் மருந்து என்று நம்பி வாங்கவேண்டியதில்லை. பெரியவருக்குப் பிடித்திருந்தால் இலவச விளையாட்டு எதையாவது ஆடட்டும். கெடுதல் இல்லை. (பேரன் கையிலிருந்து செல்போனை வாங்குவதுதான் கஷ்டமான காரியம்!) மாத்திரையை நிறுத்திவிட்டு விளையாட்டை நம்புவதுதான் ஆபத்து.

காதால் கேட்கும் வைத்தியம்

ஆங்கிலத்தில் எழுத்து ஓடும் விளையாட்டு, வலை பிடித்துப் பழகிய கைக்கு எப்படி ஒத்துவரும்? பிரேசில் நாட்டில் இதற்கு வேறு வழி கண்டார்கள். சாவோ பாவ்லோ அருகே குவாருலியோஸ் என்ற நகரத்தில், மனச்சோர்வு உள்ள 603 முதியவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் குரலும் படமுமாகச் செய்தி அனுப்பினார்கள். மனச்சோர்வு என்றால் என்ன, அதிலிருந்து மீள இன்று என்ன செய்யலாம் என்று ஆறு வாரங்கள் சொல்லிக்கொடுத்தார்கள். படிக்கவே வேண்டாம், கேட்டால் போதும்.

மூன்றாம் மாதத்தில் பார்த்தபோது, செய்தி கேட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் தேறியிருந்தார்கள். மற்றவர்களில் 32 பேர். ஆனால் ஐந்தாம் மாதத்தில் இந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. குரல் நின்றதும் பலனும் குறைந்தது.

இதைவிட நமக்குப் பக்கத்தில், கோவாவில் நடந்ததுதான் ஏரிக்கரைக்கு ரொம்பப் பொருத்தம். அங்கே கம்ப்யூட்டர் இல்லை. 60 வயதைத் தாண்டி, மனச்சோர்வின் ஆரம்ப அறிகுறி உள்ள 181 பேர். அவர்களில் ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் சந்தித்துப் பேசினார்கள். இவர்கள் டாக்டர்கள் அல்ல. வீட்டுப் பிரச்னையை எப்படிச் சமாளிப்பது, தூக்கத்துக்கு என்ன வழி, சர்க்கரை வியாதியை எப்படிக் கவனிப்பது, அரசு உதவியை எப்படிக் கேட்டு வாங்குவது என்பவையே பேச்சு. ஓராண்டில் இவர்களில் நூற்றுக்கு 4 பேர் வீதம்தான் நோய் முற்றியது. மற்றப் பிரிவில் அது நூற்றுக்கு 14. இந்த முடிவு 2019-ல் வெளியாயிற்று.

திரையில் பந்தைத் துரத்துவதைவிட, முதியோர் பென்ஷன் மனுவை எழுதிக்கொடுக்க ஒரு ஆள் வருவது அந்த மூளைக்கு அதிகத் தெம்பு தருகிறது என்றே சொல்லத் தோன்றுகிறது. செல்போன் வேண்டாம் என்பதல்ல. செல்போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார ஒரு மனிதர் வேண்டும். "பாடு" சீட்டுப் போடும்போது பழைய ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். எந்த மாதம் எந்தத் துறையில் இறால் ஏறும் என்று அவர்களைக் கேட்டுப் பேரன் செல்போனில் பதிவு செய்யலாம். இது சிகிச்சை ஆகாது. ஆனால் நின்றுபோன கேள்விகள் மறுபடி அவரிடம் வரும்.

எப்போது டாக்டரிடம் போவது?

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இருந்தால் போகவேண்டும். டாக்டர் முதலில் தைராய்டு, ரத்தச் சோகை, வைட்டமின் குறைவு உண்டா என்று பார்ப்பார். அவற்றாலும் இதே சோர்வு வரலாம். கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. காது கேளாதவர் பேச்சைக் குறைத்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்? தூக்கத்துக்கு என்று மது குடிப்பது சோர்வைக் கூட்டும்.

பழவேற்காட்டாருக்குப் பொன்னேரி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. "நான் இருந்து யாருக்கு என்ன பயன்?" என்றோ, சாவைப் பற்றியோ பெரியவர் பேசினால், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போகவேண்டும். தனியாக விடக்கூடாது.

பஸ் ஏற முடியாதவர்கள் 14416 என்ற எண்ணில் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் இது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது. பழைய பொத்தான் செல்போனே போதும்.