காரணம்: சும்மா

திட்டுவதற்கென்றே தமிழில் சில சொற்கள் இருக்கின்றன. அதில் 'ஊர்சுற்றி' ஒரு தினுசு. ஒரு பையனைப் பார்த்து அப்படிச் சொன்னால் அது பாதி செல்லத் திட்டு. வேலை கிடைத்தால் சரியாகிவிடுவான் என்று வீட்டில் யாராவது சமாதானம் சொல்வார்கள். அதே சொல்லை ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னால் அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. அகராதி போட்டவர்கள் இரண்டுக்கும் தனித்தனிப் பொருள் கொடுக்காமல் விட்டது பெரிய குறை :-)

எனக்கு ஊர் சுற்றப் பிடிக்கும். அதுவும் மதுரையில், அதுவும் விடுமுறையின் கடைசி நாளில். ஏன் கடைசி நாள் என்றால், அதற்கு முந்தின நாளெல்லாம் வேறு யாருக்காவது சொந்தமாக இருக்கும். சித்தி வீடு, ஒரு கல்யாணம், பேங்க், பல் டாக்டர் என்று போய்விடும். கடைசி நாளன்று எல்லாம் முடிந்திருக்கும். துணி மடித்தாயிற்று, டிக்கெட் கையில் இருக்கிறது. ராத்திரி ரயில் வரைக்கும் இருக்கிற ஏழெட்டு மணி நேரத்தை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதியிருக்க மாட்டார்கள். (பி.காம் படித்தால் புத்தி இப்படித்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஆனால் அந்த நேரத்தைச் செலவழிக்க எனக்கு ஒரு காரணம் வேண்டும். பிரச்சினையே அங்கேதான்.

எங்கள் ஹாஸ்டலில் அவுட்பாஸ் நோட்டு ஒன்று உண்டு. பெயர், அறை எண், போகும் நேரம், வரும் நேரம், காரணம் என்று ஐந்து கட்டம். ஐந்தாவது கட்டத்தில் நாங்கள் வழக்கமாக எழுதுவது ஜெராக்ஸ், மருந்து, கோயில். ஒருநாள் என் தோழி ஒருத்தி 'சும்மா' என்று எழுதினாள். "ஒழுங்கா எழுதும்மா" என்று நோட்டு திரும்பி வந்தது. அதை அடித்துவிட்டு 'நாப்கின்' என்று எழுதினாள். உடனே கையெழுத்து விழுந்தது. பசங்க ஹாஸ்டலிலும் இதே நோட்டு இருக்கிறதாம், அதில் 'டீ' என்று எழுதினால் போதுமாம். நல்லா இருங்கப்பா.

வீட்டிலும் இதே நோட்டுதான், பேப்பரில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். "எங்கடி கெளம்பிட்ட?" என்று அம்மாச்சி கேட்கும். சும்மா என்று சொன்னால் வாசல் தாண்ட முடியாது. "பிளவுஸ் தைக்கக் குடுத்திருக்கேன் அம்மாச்சி, வாங்கிட்டு வந்துர்றேன்" என்றால், "பாத்துப் போ, அப்படியே ரெண்டு முழம் மல்லிகப்பூ வாங்கிட்டு வா" என்று இன்னொரு காரணத்தையும் கையில் கொடுத்து அனுப்பும்.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். பெண்களுக்கு ஊர் சுற்றுவதற்கான பாஸ் கடைத்தெரு மட்டும்தான். பழைய கடைத்தெருக்களைச் சுத்தம் செய்து, அழகாக்கி, மாடி கட்டி மாற்றுகிறவர்கள், வியாபாரிக்கு எவ்வளவு நஷ்டம், ஊருக்கு எவ்வளவு லாபம் என்று கணக்குப் போடுகிறார்கள். எங்கள் நடை அந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் வருவதில்லை.

மதுரை சுற்றுவதற்கென்றே போட்ட ஊர் மாதிரி இருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோயிலுக்குள் ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம். (சித்திரைத் திருவிழாத் தேர் மட்டும் மாசி வீதியில் ஓடும். திருமலை நாயக்கர் மாசியில் நடந்த விழாவைச் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். தெருவின் பேரை மாற்ற மறந்துவிட்டார் போல.) தொலைந்துபோகவே முடியாது. எந்தச் சந்தில் நுழைந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு கோபுரம் எட்டிப் பார்த்து நீ இங்கே இருக்கிறாய் என்று சொல்லிவிடும்.

வெளி வீதி இருக்கிற வரிசையில்தான் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-ஐ ஒட்டிய வருடங்களில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து ஊரைப் பெரிதாக்கினார்கள். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயரைத்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றைக்கும் சுமக்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக வைத்ததுதான் விளக்குத்தூண். தினம் ஆயிரம் பேர் அதைச் சொல்லி ஆட்டோ ஏறுகிறோம், யாருக்காக வைத்த விளக்கு என்று தெரியாமலே.

மகாலில் ஆரம்பித்து நடப்பது என் வழக்கம். 1636-இல் கட்டிய அரண்மனை, உள்ளே போக டிக்கெட். நான் உள்ளே போவதில்லை. சுற்றியிருக்கிற தெருக்களில் சௌராஷ்டிரப் பேச்சைக் கேட்டுக்கொண்டே நடந்தால் பத்துத்தூண் சந்து வந்துவிடும். அதே அரண்மனையின் மிச்சம்தான் அந்தப் பத்துத் தூணும். இதற்கு டிக்கெட் கிடையாது. அண்ணாந்து பார்க்க வேண்டிய தூண்களுக்குக் கீழே நைட்டியும் சுங்குடியும் தொங்கும். அங்கிருந்து விளக்குத்தூண், கீழமாசி வீதி. மொத்த பலசரக்குக் கடைகள், மிளகாய் மூட்டை இறங்குகிற நேரமாக இருந்தால் தும்மாமல் தாண்ட முடியாது. வெண்கலக்கடைத் தெருவில் பாத்திரம். தெற்கு ஆவணி மூல வீதியில் நகை.

ஒரே சரக்கு விற்கிறவர்கள் ஏன் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஹரால்டு ஹோட்டலிங் 1929-இல் ஒரு கட்டுரை எழுதினார். போட்டியாளனை விட்டுத் தள்ளிப்போவதைவிட அவனை ஒட்டிக் கடை போடுவதில்தான் லாபம் என்பது அதன் சாரம். அவர் விட்டுவிட்ட ஒரு லாபத்தை நான் சேர்க்கிறேன். ஒரே மாதிரி நாற்பது கடை வரிசையாக இருந்தால் ஒரு பெண் ரெண்டு மணி நேரம் அந்தத் தெருவில் நடக்கலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவள் 'விலை விசாரிக்கிறாள்'. விசாரித்துவிட்டு வாங்காமல் போனாலும் கடைக்காரர், "போயிட்டு வாங்க பாப்பா, வேற எங்கயும் இந்த வெலைக்குக் கெடைக்காது" என்று அடுத்த தடவைக்கும் சேர்த்து அனுமதி கொடுத்துவிடுவார்.

இந்த வகையில் புது மண்டபத்தை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம். புதுசு என்று பேர் வைத்தே நானூறு வருடம் ஆகப்போகிறது. நான் பார்த்து வளர்ந்த புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் ஒரு தையல் மிஷின் ஓடும். சிலைகளுக்கு நடுவில் வளையல், குங்குமம், புத்தகம், பித்தளைச் சொம்பு, பரதநாட்டிய உடுப்பு, பள்ளிக்கூட நாடகத்துக்குக் கட்டபொம்மன் கிரீடம், சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு வேண்டிக்கொண்டு வேஷம் கட்டுகிறவர்களுக்கான உடை. வெயில் கிடையாது. "அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துர்றேன், அப்படியே ஒரு சுத்து சுத்திட்டு வாங்கம்மா" என்பார் டெய்லர் அண்ணன். அந்த அரை மணி எங்கள் அம்மாவுக்கும் சித்திக்கும் எனக்கும் முழுசாகச் சொந்தம். அம்மா வீட்டில் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு கோயிலுக்குள் இருந்த கடைகளில் தீப்பிடித்து வீர வசந்தராயர் மண்டபம் சேதமானது. அதன் பிறகு கோயிலுக்குள் இருந்த கடைகள் வெளியேறின. புது மண்டபமும் காலியாக வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. சில வருடங்களில் அந்தக் கடைகளும், பக்கத்தில் குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் புதிதாகக் கட்டிய மாடிக் கட்டடத்துக்குப் போய்விட்டன.

தப்பு என்று சொல்ல வரவில்லை. நெருப்பு விளையாட்டு இல்லை. கல் மண்டபத்துக்குள் அத்தனை துணியையும் வயரையும் வைத்திருந்தது பயங்கரம்தான். கடைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிற்பங்களுக்கு வாய் இருந்தால் எனக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும். கடைகள் போகட்டும். போன இடம்தான் எனக்குச் சங்கடம். மாடிக்கு யாரும் சும்மா ஏற மாட்டார்கள். தரையோடு தரையாக இருக்கிற கடைக்குள் கால் தானாகப் போகும். படி ஏற வேண்டுமென்றால் மனசுக்கு ஒரு காரணம் வேண்டும், எந்தக் கடை, என்ன சாமான் என்று. மறுபடியும் அந்த ஐந்தாவது கட்டம்!

சித்திரை வீதியில் வண்டி விடுவதில்லை, கல் பாவியிருக்கிறார்கள். நடக்க சுகம், மறுக்கவில்லை. சாயங்காலம் தரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதே ஏற்பாடு நாலு மாசி வீதிக்கும் ஏன் வரக்கூடாது? ஒரு நடைபாதை, அதில் நிறுத்தாத பைக், நூறடிக்கு ஒரு கல் பெஞ்சு, நம்பி நுழையக்கூடிய ஒரு லேடீஸ் டாய்லெட். மூன்று மணி நேரம் சுற்றுவது என்று முடிவெடுத்தால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறோம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஹோட்டல் ரூம் இருக்கிறது. சுற்ற வருகிறவர்களுக்குத் தெருதான்.

அப்புறம் இந்தத் 'தூங்கா நகரம்'. ராத்திரி ரெண்டு மணிக்கும் டீ கிடைக்கும், பரோட்டா கிடைக்கும் என்று எல்லோரும் பெருமையாக எழுதுகிறோம். அந்த டீக்கடை வாசலில் எத்தனை பெண்கள் நின்று குடித்துப் பார்த்திருக்கிறீர்கள்? (யாருப்பா அங்க, கார்ல உட்கார்ந்து குடிச்சோம்னு சொல்றது? அது கணக்கில் வராது.)

இந்த ஊரால் முடியாது என்றும் சொல்ல முடியாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வருகிற எதிர்சேவை ராத்திரி தல்லாகுளத்தில் போய்ப் பாருங்கள். அப்பத்தாக்கள் ரோட்டில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். வயசுப் பெண்கள் விடிய விடிய கூட்டத்தோடு நடப்பார்கள். ஒருத்தர் ஏன் என்று கேட்க மாட்டார். விடிந்தால் ஆற்றில் இறங்குகிறார், வேறென்ன காரணம் வேண்டும்? அவ்வளவு ஏன், கல்யாணத்துக்கு முந்தின நாள் மீனாட்சி என்ன செய்கிறாள்? மாசி வீதிகளைச் சுற்றித் திக்விஜயம் போகிறாள். பட்டம் கட்டிக்கொண்டு, தனியாக, ஊர் பூராவும் ஒரு சுற்று. நம் வீட்டில் கல்யாணத்துக்கு முந்தின நாள் "கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள் :-)

மும்பையில் பெண்கள் பொது இடங்களில் வேலை எதுவும் இல்லாமல் நிற்பதைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ராணடே மூவரும் சேர்ந்து 2011-இல் 'வொய் லாய்ட்டர்?' என்று ஒரு புத்தகம் போட்டார்கள். பாதுகாப்பு கொடுங்கள் என்று கெஞ்சுவதைவிட, ஆபத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு சும்மா சுற்றும் உரிமையைக் கேளுங்கள் என்பது அவர்கள் வாதம். முதலில் படித்தபோது பம்பாய்க்காரர்களுக்குச் சரி, நமக்கு ஒத்துவருமா என்று தோன்றியது. இப்போது ஒத்துவரும் என்றே தோன்றுகிறது. பாதுகாப்பு என்ற பேரில் எங்களுக்குக் கிடைத்தது அந்த நோட்டும், ஆறரை மணிக்குப் பூட்டுகிற கேட்டும்தான்.

"டைம் வேஸ்ட், அந்த நேரத்தில் ஒரு கோர்ஸ் முடிக்கலாம்" என்று வகுப்பில் ஒருத்தன் சொன்னான். அவன் அதைச் சொன்னது கேன்டீன் சுவரில் ஒன்றரை மணி நேரமாக உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து.

சரி, பொங்கல் லீவு முடிகிற கடைசி நாள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு விளக்குத்தூண். அங்கே ஒரு ஜிகர்தண்டா, பிறகு கால் போன வழி, ஒன்பது மணிக்கு டவுன்ஹால் ரோட்டில் நின்றுகொண்டே டீ. பெண்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம். பிளவுஸ், பூ, ஜெராக்ஸ் எதுவும் கொண்டுவரக்கூடாது. பசங்களும் வரலாம், துணைக்கு என்று சொல்லிக்கொண்டு வராமல் இருந்தால்.

பி.கு: எங்கள் அம்மாச்சியும் வருகிறதாம். அதுவாகவே கேட்டது. எதுக்கு அம்மாச்சி என்றதற்கு, "ஏன், நான் வரக்கூடாதா?" என்றது.