விலங்குச் சிற்பிக்கு ஒரு நினைவுச் சின்னம்

ஆசிரியருக்கு,

பாரிஸ் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் ஈஃபில் கோபுரத்தோடு நின்றுவிடுகின்றன. செய்ன் நதியில், செயின்ட் லூயி தீவின் கிழக்கு முனையில், விலங்குச் சிற்பி அந்துவான் லூயி பாரிக்கு 1894-இல் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தைப் பற்றியும் எழுதுங்கள்.

விலங்குக் காட்சிசாலையில் சிங்கம், புலிகளைப் பார்த்து வரைந்தும், இறந்த விலங்குகளின் உடலை அளந்தும் கற்றவர் அவர். பாம்பை மிதித்திருக்கும் அவரது சிங்கத்தின் பாதத்தில் நகங்கள் புடைத்து நிற்கும். உறுமலில் உதடு சுருங்கியிருக்கும். சிற்பி ரொதானும் அவரிடம் பயின்றவரே.

இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது இச்சின்னத்தின் வெண்கலச் சிற்பங்கள் உலோகத்துக்காக உருக்கப்பட்டன. கல் சிற்பங்கள் தப்பின. மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் சிலை வைப்பது வழக்கம். விலங்குகளை மதித்து வடித்த கலைஞனுக்கும் பொது இடத்தில் மரியாதை செய்த நகரம் பாராட்டுக்குரியது.

– ஒரு வாசகர், பாரிஸ்