படிக்குப் படி பஞ்சாமிர்தம்!

பழனி மலைக்கு நூத்துக்கணக்கான படி. ஏறி முடிச்சாத்தான் பஞ்சாமிர்தம். கேம்ல அப்படியா பாஸ்? படிக்குப் படி பஞ்சாமிர்தம்! ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாடு உள்ளவங்க இந்த உடனடிப் பரிசுல சுலபமா மாட்டிக்குவாங்க. அதான், அரைப் பக்கம் படிக்க முடியாதவர் விடிய விடிய ஆடுறார். 'கேம்ல மட்டும் கவனம் இருக்கே, எல்லாம் திமிர்!'னு வீட்டுல திட்டுறது தப்புக் கணக்கு. வளர்ந்தா சரியாயிடும்கிறதும்தான், பலருக்கு காலேஜ் தாண்டியும் கூடவே வருது.

அதுக்காக ஆடுறவங்க எல்லாம் நோயாளி இல்லீங்க. நிறுத்த முடியாம, அரியர் விழுந்தும் விடாம, பொதுவா 12 மாசம் நீடிச்சாத்தான் 'கேமிங் டிஸார்டர்' என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெங்களூரு நிம்ஹான்ஸ்ல இதுக்கெல்லாம் 2014-லேயே 'ஷட்' கிளினிக் தொடங்கியாச்சு. அவ்வளவு தூரமானு யோசனையா? 14416-க்கு ஒரு போன்... இலவசம், தமிழ்லயே பேசலாம். அப்புறம் டாக்டர்கிட்ட போனா, ஸ்கூல் கதையையும் சொல்லுங்க. 12 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சதாங்கிறதை அவர் கண்டிப்பா கேட்பார்.