பூஜ்ஜிய அடிப்படை பட்ஜெட்: எங்கள் நிலைப்பாடு

மத்திய அரசின் ஒவ்வொரு திட்டமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் செலவுக்கு முதல் ரூபாயிலிருந்து கணக்கும் காரணமும் சொல்ல வேண்டும். அதை ஆராயும் அறிக்கை முழுவதும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். இப்படிப் பூஜ்ஜியத்திலிருந்து கணக்குச் சொல்லும் முறையை ஆண்டுதோறும் எல்லாத் துறைகளுக்கும் கட்டாயமாக்கும் யோசனையை நாங்கள் ஏற்கவில்லை.

போன ஆண்டு ஒதுக்கியதோடு கொஞ்சம் கூட்டிக் கேட்பதுதான் இன்றைய வழக்கம். பணம் மிஞ்சினால் அடுத்த முறை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் துறைகளுக்கு இருக்கிறது. மார்ச் மாதத்தில் பில்கள் குவிவது அதனால்தான். ஆண்டு ஒதுக்கீட்டில் கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச்சில் 15 சதவீதத்துக்கு மேலும் செலவிடக்கூடாது என்று நிதியமைச்சகம் வரம்பு விதித்திருக்கிறது. ஆனால் பழைய ஒதுக்கீடே புதிய ஒதுக்கீட்டுக்கு அளவுகோலாக இருக்கும்வரை அந்தப் பயம் போகாது.

ஆண்டுதோறும் வேண்டாம் என்பதற்கு அனுபவமே காரணம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் பீட்டர் பைர் உருவாக்கிய இந்த முறையை 1970களின் தொடக்கத்தில் ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்குக் கொண்டுவந்தார். அதிபரானதும் 1977இல் அமெரிக்க மத்திய அரசுக்கும் விரிவாக்கினார். ஒவ்வொரு பணிக்கும் குறைந்தபட்சச் செலவு எவ்வளவு, கூடுதலாகக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று எழுதி, எல்லாவற்றையும் முன்னுரிமைப்படி வரிசைப்படுத்த வேண்டும். ஜார்ஜியாவில் மட்டும் அப்படிச் சுமார் 10,000 முன்மொழிவுகள் சேர்ந்தன. அவ்வளவையும் ஓர் ஆளுநர் படித்து முடிவெடுப்பது நடக்கிற காரியமல்ல. 1981இல் ரீகன் அரசு இதைக் கைவிட்டது. இந்தியாவில் 1983இல் அறிவியல் தொழில்நுட்பத் துறையில் தொடங்கி, 1986இல் மற்ற அமைச்சகங்களுக்கும் விரிந்தது. ஒதுக்கீட்டின் போக்கைப் பெரிதாக மாற்றாமலே மங்கிப்போனது. வட்டி, ஓய்வூதியம், சம்பளம் ஆகியவற்றை எந்த அரசாலும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க முடியாது. திட்டச் செலவுகளில்தான் இந்த ஆய்வுக்கு வேலை இருக்கிறது.

அதற்கான சட்டகம் ஏற்கெனவே இருக்கிறது. திட்டங்களின் ஆயுள் நிதிக்குழுவின் காலத்தோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் மூன்றாம் தரப்பு மதிப்பீடு தேவை. ஆனால் எல்லாத் திட்டங்களும் ஒரே சமயத்தில் வரிசையில் நிற்பதால் ஆய்வு அவசரகதியாகிறது. 16ஆவது நிதிக்குழுவின் காலம் 2026-27 முதல் 2030-31 வரை. இந்த ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு திட்டங்களை எடுத்து, நிதானமாக ஆராயலாம்.

ஒரு விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் போன்றவை கொடுத்த உரிமைகளுக்குப் பூஜ்ஜியத்திலிருந்து நியாயம் கேட்கக்கூடாது. தானியம் எப்படிப் போய்ச் சேருகிறது, வழியில் எவ்வளவு வீணாகிறது என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஏழைக்குச் சேர வேண்டியதை வெட்டுவதற்கு இந்த முறை கத்தியாகப் பயன்படுமானால், அதை எதிர்க்கும் முதல் ஆட்களாக நாங்கள் இருப்போம்.

மதிப்பீட்டு அறிக்கைகளை, மானியக் கோரிக்கைகள் நாடாளுமன்ற நிலைக்குழுக்களுக்குப் போகும் முன்பே வெளியிட வேண்டும். மிச்சப்படுத்திய துறைக்கு அந்தப் பணத்தில் ஒரு பகுதியை விட்டுவைக்க வேண்டும். அடுத்த பட்ஜெட்டுக்கான சுற்றறிக்கையிலேயே இந்த இரண்டையும் சேர்க்குமாறு நிதியமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.