விடைத்தாளைத் திரும்பப் பார்க்கக் கட்டணமா?

மார்க் குறைந்தால் "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, வேலைக்கு அனுப்பு" என்று அவசரப்படாதீர்கள், தோழர்களே! 2019இல் தெலங்கானாவில் இண்டர்மீடியட் பரீட்சையில் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் பெயில். ஒரு மாணவிக்குத் தெலுங்கில் பூஜ்யம். திரும்பப் பார்த்தால் 99! மனமுடைந்த பிள்ளைகள் பலர் உயிரை விட்டனர். பெற்றோரும் மாணவரும் தெருவிலிறங்கிப் போராடிய பிறகே, பெயிலானவர்களின் விடைத்தாள்களைக் கட்டணமின்றிச் சரிபார்க்க சர்க்கார் உத்தரவிட்டது. 1,137 பேர் பாஸானார்கள். லட்சங்களில் இது சொற்பம் என்பார்கள் அதிகாரிகள். அந்த 1,137 வீடுகளில் போய்ச் சொல்லட்டும்! அதுவரை ஒரு பாடத்துக்குக் கட்டணம் 600 ரூபாய். வயலில் எத்தனை நாள் குனிந்தால் அது சேரும்? தவறு செய்தது இலாகா, தண்டம் கட்டுவது கூலிக்காரனா? சந்தேகமிருந்தால் கெடு முடியுமுன் மனுப் போடுங்கள். ஏழை மாணவரின் மனுவுக்கு எந்த மாநிலத்திலும் கட்டணம் கூடாதெனக் கோருகிறோம்.