ஜீப் வராத காலை

சென்ற இதழில் மழைக்கால இருமலுக்குக் கைவைத்தியம் எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களுக்கு நடுவில் இருமலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கடிதமும் இருந்தது. எழுதிய சகோதரிக்கு வயது 27. பள்ளிக்கூடம் போகும் பெண் ஒன்று, கைக்குழந்தை ஒன்று. கணவர் 8 வருஷமாக வேலை பார்த்த கம்பெனியில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு, "திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். "நாலு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை, நான் தூங்கவில்லை. மாமியாரிடம் சொல்லலாமா? நகையை விற்றுவிடலாமா? அடுத்த மாதம் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து வருகிறது, மொய்க்கு என்ன செய்வேன்?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, இந்த விஷயத்தில் எங்கள் ராயப்பன்பட்டிப் பக்கத்துப் பெண்களுக்குக் கொஞ்சம் அனுபவம் அதிகம். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம், வயல் வேலை எல்லாம் உண்டுதான். ஆனாலும் பல வீடுகளில் உலை கொதிப்பது மலைக்கு மேலே இருக்கும் ஏலத்தோட்டத்துக் கூலியில்தான். விடியுமுன்னே தூக்குச்சட்டியில் சோற்றை அடைத்துக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்குள் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் போவார்கள். இருட்டிய பிறகு திரும்புவார்கள். நியமன உத்தரவு கிடையாது, நோட்டீஸ் கிடையாது. ஜீப் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை.

அந்த ஜீப் நிரந்தரமாகவே நின்றுவிட்டதோ என்று நாங்கள் பயந்த காலம் இரண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றி, எல்லையில் போக்குவரத்து நின்றது. மலையில் தங்கி வேலை பார்த்தவர்கள் சட்டிபானையை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். அடுத்தது 2020 மார்ச். 24-ஆம் தேதி ராத்திரி நாடு முழுவதும் ஊரடங்கு என்றார்கள். சோதனைச் சாவடி மூடிக்கொண்டது. அதற்கு ஏழு மாதம் முன்னால்தான், 2019 ஆகஸ்டில், புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய்க்குப் போயிருந்தது! (ஏலக்காய்க்கும் ஏலம்தான் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கையாகச் சொல்லும்.) அந்தக் காயை எடுத்த கைகளுக்கு ஒரே ராத்திரியில் வேலை இல்லை. திராட்சைத் தோட்டத்திற்காவது போகலாம் என்றால், பழத்தை வாங்க வியாபாரி வர வழியில்லை.

அந்த வாரத்தில் எங்கள் எதிர் வீட்டு மதினி செய்த காரியத்தை இன்றைக்கும் நான் பலருக்குச் சொல்வதுண்டு. ஜீப் வராத மறுநாள் காலை, அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல், வீட்டிலிருந்த டப்பா, பானை, சாக்கு எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். அரிசி எத்தனை படி, பருப்பு எவ்வளவு, புளி, மிளகாய் வற்றல், எண்ணெய் என்று ஒவ்வொன்றாக அளந்தார். "ஏக்கா, 22 நாளைக்கு ஓடும்" என்றார் என்னைப் பார்த்து. அதற்கப்புறம்தான் அடுப்பு. பிறகு மகளைக் கூப்பிட்டு, கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். மளிகைக் கடை, மகளிர் குழுத் தவணை, பால்காரர், பள்ளிக்கூட வேன் என்று ஒன்றையும் விடவில்லை. அன்று சாயங்காலமே ஒவ்வொருவருக்கும் அவரே போன் செய்து, "இப்ப முடியாது, இன்ன தேதிக்கு இவ்வளவு தர்றேன்" என்று சொல்லிவிட்டார். கடன்காரர் வாசலுக்கு வந்த பிறகு சொல்லும் வார்த்தைக்கும், நாமே முன்னால் போய்ச் சொல்லும் வார்த்தைக்கும் மதிப்பில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது தெரியுமா? மளிகைக்காரர் அவருக்குக் கடைசிவரை கடனை நிறுத்தவில்லை.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு குடும்பம். பயத்தில் இரண்டாவது வாரமே நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். மாதம் 1000 ரூபாய் வட்டி. ஒரு வருஷம் முடிந்தபோது 12,000 ரூபாய் கொடுத்திருந்தார்கள், முதல் அப்படியே நின்றது. இந்த மாதிரி அநியாய வட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003 முதல் தடைச் சட்டமே இருக்கிறது. ஆனால் அவசரத்தில் கை நீட்டும்போது யாருக்குச் சட்டம் ஞாபகம் வருகிறது? அதே 2020-ல் வங்கிக் கடன் தவணையை ஆகஸ்ட் வரை தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. தவணைதான் தள்ளிப்போனதே தவிர வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே யாராவது "பிறகு கட்டலாம்" என்றால், "அதுவரை வட்டி உண்டா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

நகை விஷயத்துக்கு வருகிறேன். முதல் மாதத்திலேயே விற்க வேண்டாம். எல்லாவற்றையும் மொத்தமாக அடகு வைக்கவும் வேண்டாம். சாமானையும் கடனையும் கணக்குப் பார்த்த பிறகு துண்டு விழும் தொகை எவ்வளவோ, அதற்கு மட்டும் ஒரே ஓர் உருப்படியைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்தி, திருப்ப வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் ஆகியும் திருப்ப வழியே தெரியாவிட்டால், வருஷக்கணக்கில் வட்டி கட்டிக்கொண்டு இருப்பதைவிடச் சின்ன உருப்படி ஒன்றை விற்றுத் தீர்ப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். "தங்கத்தை விற்கிறதா!" என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

கம்பெனி வேலை என்பதால் உங்கள் வீட்டுக்காரருக்குக் காகித உரிமைகள் உண்டு, சகோதரி. எங்கள் ஜீப்காரப் பெண்களுக்கு இல்லாத பாக்கியம் அது. முதலில், அவசரப்பட்டு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். "போட்டுக் கொடுத்தால்தான் கணக்கு முடிப்போம்" என்பார்கள். தானே விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்க முடியாது. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியைக் குறைத்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும். 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த அளவு, 2020-ல் இயற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மேனேஜர் வகை வேலை என்றால் நியமன உத்தரவை எடுத்துப் படியுங்கள்.

கிராஜுவிட்டி இதிலிருந்து தனி. ஐந்து வருஷம் முடித்தவருக்கு, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷக் கணக்கால் பெருக்க வேண்டும். 13,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 7,500. உங்கள் வீட்டுக்காரரின் 8 வருஷத்துக்கு 60,000 ரூபாய். இதையும் இழப்பீட்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே தொகையாகக் காட்டினால் பிரித்துக் கேளுங்கள். சட்டம் சொல்வது குறைந்தபட்ச அளவுதான். மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். தொழிலாளர்கள் சேர்ந்து நின்று பல சுற்றுப் பேசி, இந்த 15 நாள் கணக்கைவிடப் பல மடங்கு வாங்கினார்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியபோது நிலைமை வேறு. அங்கே வேலை பார்த்தவர்களில் நம் பெண்பிள்ளைகள் ஏராளம். மூடுவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். மொத்தமாக வரும் பணம் பெரிசாகத்தான் தெரியும். அதை மாதக் கணக்கால் வகுத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு சின்னது என்பது புரியும். வந்த உடனே டி.வி., வண்டி என்று இறங்கிவிடாதீர்கள்.

பி.எஃப். பணத்தில் இன்னொரு சூட்சுமம். பென்ஷன் பகுதிக்கு 10 வருஷ சேவை வேண்டும். 8 வருஷத்தில் அதையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த 8 வருஷமும் போச்சு. எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், அடுத்த வேலையில் சேரும் இரண்டு வருஷம் அதோடு சேர்ந்துகொள்ளும். இ.எஸ்.ஐ. அட்டையை வேலை போன மறுநாளே செல்லாது என்று பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையிலும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரையிலும் வைத்தியம் உண்டு. அந்த அரையாண்டில் 78 நாள் சந்தா இருக்க வேண்டும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இது பெரிய உதவி அல்லவா? வேலை இழந்தவருக்குச் சராசரிச் சம்பளத்தில் ஒரு பங்கை 90 நாள் வரை கொடுக்கும் திட்டம் ஒன்றையும் இ.எஸ்.ஐ.யில் 2018-ல் தொடங்கினார்கள். காலம் நீட்டித்து நீட்டித்து நடக்கிற திட்டம் அது. கிளை அலுவலகத்தில் கேளுங்கள்.

இனி மனுஷரைப் பற்றி. 2012-ல் தமிழ்நாட்டை உலுக்கிய மின்வெட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். என் வீட்டுக்காரர் ஃபிட்டராக இருந்த நூல் மில்லில் முதலில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். அப்புறம் ஆளையும் நிறுத்திவிட்டார்கள். அவர் என்னிடம் சொல்லிவிட்டார், அவருடைய அம்மாவிடம் சொல்லவில்லை. வழக்கமான நேரத்துக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பிப்போய்ச் சண்முகாநதி அணைப் பக்கம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். ஆறு நாள் இப்படியே போயிற்று. ஏழாம் நாள் அத்தையே என்னைக் கூப்பிட்டு, "கொண்டுபோன சோத்துல பாதி அப்படியே திரும்பி வருது. எங்கிட்ட எதுக்கு மறைக்கிறீங்க?" என்றார். அன்று ராத்திரி அம்மாவும் பிள்ளையும் திண்ணையில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தன் மருந்துச் சீட்டை அத்தையே என்னிடம் கொடுத்து, "இனிமே இத கவர்மெண்ட் ஆஸ்பத்திரில வாங்கிக்கிறேன்" என்றார். மாமியாரிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு என் பதில் இதுதான். பெண் குழந்தைக்கும் அதன் வயதுக்குத் தக்கபடி சொல்லுங்கள்: அப்பாவுக்கு வேற வேலை தேடுறோம், அதுவரைக்கும் கடையில் எதுவும் கேட்கக் கூடாது. அவ்வளவு போதும்.

நாலு மாதம் அவர் வீட்டில் இருந்தார். அந்த நாலு மாதமும் வாசலுக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்டது, "வேலை கிடைச்சதா?" நான் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கிடைத்தால் அவரே ஓடிவந்து சொல்ல மாட்டாரா? அதற்குப் பதில் அவருக்கு மணிக்கணக்குள்ள வேலைகளைக் கொடுத்தேன். 8 மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, ரேஷன் கடை வரிசை, பி.எஃப். அலுவலகத்துக்கு எழுத வேண்டிய காகிதங்கள். ஆண்பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால் வீட்டுக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை. சாயங்கால வேளையில் கையில் சில்லறை இருந்தால் கால் எந்தக் கடைப் பக்கம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்காரர் நாலு நாளாகச் சாப்பிடவில்லை என்பது அதிர்ச்சி. அது இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டாலோ, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்கிற மாதிரிப் பேச்சு ஒரு முறை வாயில் வந்தாலோ, அதைக் கோபத்தில் வந்த வார்த்தை என்று தள்ளிவிடாதீர்கள். அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே 14416 அல்லது 104 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இரண்டுக்கும் காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். அரசு மருத்துவமனையிலும் டாக்டரைப் பாருங்கள். நீங்களும் தூங்க வேண்டும். பால் கொடுக்கிற உடம்பு.

செலவைக் குறைக்கும்போது நம் பெண்கள் முதலில் கை வைப்பது தங்கள் தட்டில்தான். அதை மட்டும் செய்யாதீர்கள். ரேஷனில் அரிசி 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் போடுகிறார்கள். அரிசிக்குக் கவலை இல்லை என்பதாலேயே வெறும் சோறும் ரசமுமாக ஓட்டிவிடத் தோன்றும். கொல்லையில் முருங்கை இருந்தால் வாரத்துக்கு மூன்று நாள் கீரை. வேர்க்கடலையை வறுத்துத் துவையல் அரைத்தால் ஒரு பருப்புக் குழம்புக்குச் சமம். வாரம் இரண்டு முட்டையாவது உங்கள் தட்டிலும் விழ வேண்டும். பால் கொடுக்கிற தாய்க்கு அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. வாங்க வெட்கம் எதற்கு? இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், காசை மிச்சம் பிடிக்க அவர்கள் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மாத்திரை இலவசம்.

கடைசியாக அந்தக் காதுகுத்து. போகாமல் இருந்துவிடாதீர்கள், போகாவிட்டால் காரணத்தை ஊரே கற்பனை செய்யும். பரணில் இருக்கும் உங்கள் வீட்டு மொய் நோட்டை எடுத்து, உங்கள் விசேஷத்துக்கு நாத்தனார் வீட்டில் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். அதே தொகையை எழுதுங்கள். இந்த முறை கூட ஒரு ரூபாய்க்கு மேல் சேர்க்க வேண்டாம். தாய்மாமன் சீர் உங்கள் வீட்டுக்காரர் தலையில்தான் விழும் என்பதால், நாத்தனாரை முன்கூட்டியே தனியாகப் பார்த்து, இப்போது வேட்டி, சேலை, குழந்தைக்கு ஒரு சட்டை மட்டும், தோடு தை மாதத்துக்கு என்று சொல்லிவிடுங்கள். கூடப்பிறந்தவள்தானே, கேட்டுக்கொள்வாள்.